நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ்: 24ஆவது இடம் ஒரு சாதனையா?

ஏற்காடு எக்ஸ்பிரஸ்:
அக்கா பையனுக்குப் பன்னிரண்டு வயது. ஓமலூர் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியவன், இப்போது சேலத்தில் கோச்சிங் போகிறான். எப்போது பார்த்தாலும் அமெரிக்க நீச்சல் வீரர் ஃபெல்ப்ஸ் புராணம்தான். நம்ம பக்கத்து ஆள் ஒருத்தரைக் காட்டலாமே என்று ஒலிம்பிக் நீச்சல் வீரர் சஜன் பிரகாஷைப் பற்றிச் சொன்னேன், கேரளாக்காரர் என்றாலும் வளர்ந்தது நெய்வேலி, அம்மா தடகள வீராங்கனை, என்.எல்.சி.யில் வேலை என்றெல்லாம். பயல் போனில் தேடிவிட்டு, "டோக்கியோவில் 24ஆவது இடம்தானே மாமா" என்கிறான். என்ன சொல்வது?

பூலாம்பட்டி பரிசல்:
டோக்கியோவுக்கு எப்படிப் போனார் என்று சொல்லுங்க. 2016 ரியோவுக்கு அவர் போனது யூனிவர்சாலிட்டி இடத்தில், அதாவது தகுதி நேரத்தைத் தொட்டவர் இல்லாத நாடுகளுக்குக் கொடுக்கிற இடம். 28ஆவதாக வந்தார். அப்புறம் 2018 ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை (இரண்டு கையையும் ஒன்றாக வீசி அடிக்கிற நீச்சல்) இறுதிப் போட்டிக்குப் போய் ஐந்தாவது. 1986 சியோலில் கஜான் சிங் வெள்ளி வாங்கிய அதே போட்டி. நடுவில் கழுத்து டிஸ்க் பிரச்சினை வேறு. 2021 ஜூனில் ரோமில் அதே 200 மீட்டரை 1:56.38இல் நீந்தினார். நேரடி இடம் தருகிற ஒலிம்பிக் 'ஏ' தகுதி நேரம் 1:56.48. பத்தில் ஒரு விநாடி! நேரடியாக உள்ளே போன முதல் இந்திய நீச்சல் வீரர் அவர்தான். அடுத்து ஸ்ரீஹரி நடராஜ். 2024 பாரிசுக்குப் போன நம்ம இரண்டு பேரும் மறுபடி யூனிவர்சாலிட்டிதான், அதிலிருந்தே அது எவ்வளவு கஷ்டம் என்று பயலுக்குப் புரியும்.

அம்மாபேட்டை தறி:
பூசி மெழுகாதீங்க. டோக்கியோவில் சஜன் 1:57.22, தங்கம் வாங்கிய மிலாக் 1:51.25. ஆறு விநாடி என்றால் குளத்தில் சுமார் பத்து மீட்டர். பையன் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் தப்பு சஜன் மேலும் இல்லை. நம்ம ஊரில் பத்தாம் வகுப்பு வந்ததும் டியூஷனைக் காட்டி நீச்சலை நிறுத்திவிடுகிறோம், அவர் ரோமில் அந்த நேரத்தை நீந்தியபோது வயது 27. அதுவரை யார் விடுகிறார்கள்?

ஏற்காடு எக்ஸ்பிரஸ்:
இரண்டையும் படித்துக் காட்டினேன். 'ஏ' நேரம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். இப்போதே பட்டர்ஃபிளை வேண்டுமாம். ஆரம்பிக்கலாமா?

நீச்சல் மாஸ்டர்:
கிணற்றில் பழகிய பிள்ளைகள் தலையைத் தூக்கிக்கொண்டே அடிப்பார்கள், தண்ணீர் பயம் இருக்காது, அது பெரிய வசதி. ஆனால் பட்டர்ஃபிளையில் தலை எழும்பினால் இடுப்பு தாழும், அப்புறம் தோளால் இழுத்து இழுத்துத் தோளைக் கெடுத்துக்கொள்வார்கள். 200 மீட்டரில் கடைசி 50ல் கை தண்ணீரை விட்டு வெளியே வரவே மறுக்கும். முதலில் ஃப்ரீஸ்டைலில் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சைப் பழக்குங்க. கூடவே டால்ஃபின் கிக் மட்டும், அதாவது இரண்டு காலையும் சேர்த்து அடிப்பது. கையை அவன் மாஸ்டர் சொல்லும்போது சேர்த்தால் போதும்.