கலைச்சொல்: கடற்பீச்சியா, கடற்சிவிறியா?

குழுவினருக்கு வணக்கம்.

படகுத்துறைகளில் படரும் டைடெம்னம் வெக்சில்லம் என்னும் கடல்விலங்கு பற்றிய கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இவ்வகை விலங்கின் ஆங்கிலப் பெயரான 'சீ ஸ்குவர்ட்' (கடலில் நீரைப் பீச்சுவது) என்பதற்கு வரைவில் 'கடற்பாசி' என்று இருக்கிறது. அது பிழை. இது விலங்கு, இளவுயிரியின் வாலில் முதுகுநாணே (முதுகெலும்புக்கு முன்னோடியான தண்டு) உண்டு. பாசி என்று படித்தவர் கயிற்றிலிருந்து சுரண்டித் தண்ணீரிலேயே தள்ளிவிடுவார். உதிர்ந்த துணுக்கு வேறிடத்தில் ஒட்டிப் புதுக் கூட்டமாக வளரும். கயிற்றைக் கரைக்கு ஏற்றிச் சுரண்டி, துணுக்குகளைப் பையில் கட்ட வேண்டும். இதைக் கெடுக்காத சொல் வேண்டும்.

--
கடற்பீச்சி. பால் பீச்சத் தெரிந்த எவருக்கும் புரியும்.

--
> கடற்பீச்சி

'பீச்சு' என்றதும் வயிற்றுப்போக்குதான் மாணவர் நினைவுக்கு வரும். நீர்விளையாட்டில் நீரை வீசும் கருவிக்குச் 'சிவிறி' என்ற பழஞ்சொல் இருக்கிறதே! கடல் + சிவிறி = கடற்சிவிறி.

இன்னொன்று. இவ்வகை விலங்குக்கு அறிவியலில் வழங்கும் 'அசிடியன்' என்ற பெயரின் வேர், தோற்பை என்னும் கிரேக்கச் சொல். நம் 'துருத்தி'யும் தோற்பைதான். நீர்வீசு கருவி என்ற பொருளும் அதற்கு உண்டு. இரண்டு மொழியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

--
புணர்த்திப் பாருங்கள்: கடற்றுருத்தி. யார் வாயில் நுழையும்? சிவிறிக்கும் அடிக்குறிப்பு தேவைப்படும். ஈரக்கையோடு கையேட்டைப் புரட்டுபவர் அடிக்குறிப்புப் படிக்க மாட்டார்.

நீரைப் பீச்சுவது தனித்து வாழும் பெரிய இனங்கள். கையேட்டில் உள்ளதோ கூட்டினம்: ஏறத்தாழ 1 மி.மீ. நீள உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே உறைக்குள். தட்டையான பரப்பில் கம்பளம்போல் விரியும். கயிற்றில் உருகிய மெழுகுபோல் வெளிர்மஞ்சளாகத் தொங்கும். கண்ணில் படுவது இதுதான். 'கம்பளக் கடற்பீச்சி' என்போம்.

--
வெக்சில்லம் என்றால் இலத்தீனில் கொடி. 'கொடிச்சிவிறி' எத்தனை பொருத்தம்! பறப்பதும் கொடி, படர்வதும் கொடி.

--
கொடி என்றால் மறுபடி செடியாகிவிடும். பாசியை விரட்டிவிட்டுக் கொடியை அழைப்பதா?

--
'அயல்' என்ற முன்னொட்டு பெயரில் வேண்டாமா?

--
வேண்டாம். 2002-இல் நியூசிலாந்து மாதிரியை வைத்து இதை விவரித்தார்கள். பூர்வீகம் ஜப்பான் பக்கம் என்பது பின்னர் தெளிந்தது. அங்கே இது அயல் அல்லவே. 'ஊடுருவும் இனம்' என்பதை விளக்கத்தில் வைக்கலாம்.

வேல்ஸின் ஹோலிஹெட் துறைமுகத்தையும் சேருங்கள். 2008-இல் அங்கே கண்டார்கள். மிதவைகளைப் பிளாஸ்டிக் உறையால் மூடி, உள்நீரைத் தேங்கவைத்து மூச்சடைக்கச் செய்தார்கள். அழிந்தது, பிறகு திரும்பி வந்தது. இங்கே 'உறை' என்றால் மிதவையின் பிளாஸ்டிக்கா, விலங்கின் உடலுறையா என்று குழப்பம் வரும். பிளாஸ்டிக்கிற்குப் 'போர்வை' என்று எழுதுங்கள்.

--
நால்வர் பீச்சிக்கு, இருவர் சிவிறிக்கு. நேரமில்லை, 'கம்பளக் கடற்பீச்சி' என்றே அனுப்புகிறேன். போர்வையும் சேர்ந்தது.

--
அனுப்புங்கள். கலைச்சொல் பட்டியலில் மட்டும் சிவிறியை நீக்காதீர்கள். அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன்.