ஹாரன் சண்டை போடும் காரா ஜிஎஸ்டி ரோட்டில் ஓடப்போகிறது?

தாம்பரத்தான்: "அஞ்சு வருஷத்தில் சென்னையிலும் டிரைவர் இல்லாத கார்தான்" என்று நேற்று இங்கே ஒரு மேதாவி எழுதியதைப் படித்துக் காபி புரையேறிவிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் 2024 ஆகஸ்டில் என்ன நடந்தது? வேமோ கம்பெனியின் டிரைவர் இல்லாத டாக்சிகள் விடியற்காலை நாலு மணிக்குப் பார்க்கிங்கில் ஒன்றைப் பார்த்து ஒன்று ஹாரன் அடித்து, தெருவே தூக்கம் கெட்டது.

சிலிக்கான்_செல்வன்: மேதாவி நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். ரிவர்ஸில் வரும் வண்டி இடித்துவிடாமல் எச்சரிக்க வைத்த ஹாரன் அது. அப்புறம் மென்பொருளை மாற்றிவிட்டார்கள். அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் 2020லிருந்து வேமோ கார் ஓட்டுநரே இல்லாமல் பொதுமக்களை ஏற்றிப் போகிறது. அதைப் பேசுங்கள்.

தாம்பரத்தான்: ஹாரன் அடித்ததா இல்லையா?

மீனா_மதுரை: முதலில் கார் தானாக ஓடுவதில் எந்த நிலை என்று சொல்லிக்கொள்ளுங்கள். நான்காம் நிலை என்றால் குறிப்பிட்ட எல்லைக்குள் மட்டும்தான் ஆளில்லாமல் ஓடும். ஐந்தாம் நிலை...

தாம்பரத்தான்: நிலை கிடக்கட்டும் அக்கா. நம்ம ஊரில் லாரிக்குப் பின்னாலேயே 'சவுண்ட் ஹாரன்' என்று எழுதி வைத்திருக்கிறான். பெருங்களத்தூரில் பஸ் ஒதுங்கி வரும்போது சின்னதாக இரண்டு தட்டு தட்டினால் 'வர்றேன், நில்லு'. ஒரே அழுத்தாக அழுத்தினால் 'கண்ணு தெரியலையா?'. 22 வருஷமாக ஓட்டுகிறேன், இதில் எந்தத் தட்டு எதற்கென்று உங்கள் காருக்குத் தெரியுமா?

சிலிக்கான்_செல்வன்: 22 வருஷமாக ஹாரன் மட்டும்தான் பழகினீர்கள் போல. இண்டிகேட்டர் என்று ஒன்று உண்டு.

லாரிக்காரர்_மகன்: டிரைவர்கள் வேலை போய்விடும், அனுமதிக்க மாட்டேன் என்று 2023லேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் கட்கரி சொல்லிவிட்டார். எங்கப்பா சோறு போட்டதே ஸ்டியரிங் பிடித்துத்தான். அதைப் பற்றி இங்கே ஒருத்தருக்கும் கவலையில்லை.

தாம்பரத்தான்: சரியான பேச்சு தம்பி. ஆனால் ஹாரன் விஷயத்துக்கு வா. 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானபோது 'இனி டோல்கேட்டில் நிற்கவே வேண்டாம்' என்று எழுதியவரும் இதே செல்வன்தான். போன வாரம் ஒரு டோல்கேட்டில் ஸ்கேன் ஆகாமல், பையன் கைமிஷினோடு வந்து என் கண்ணாடியைத் துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தான். பின்னால் எல்லாரும் என்ன செய்தார்கள்? ஹாரன்!

சிலிக்கான்_செல்வன்: ஸ்டிக்கரை ஒழுங்காக ஒட்டினீர்களா?

தாம்பரத்தான்: என் மச்சான் ஒட்டினான். அவன் டிப்ளமோ ஆட்டோமொபைல்.

மீனா_மதுரை: நிலை...

சிலிக்கான்_செல்வன்: அப்போ மச்சானைக் கேளுங்கள்.

தாம்பரத்தான்: மச்சானை இழுக்காதீர்கள். வேமோ ஹாரன் அடித்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.