புதுத் தொழிலுக்கு வெப் ஹோஸ்டிங்: எதைப் பார்த்து எடுத்தீர்கள்?

சிறு நிறுவனங்களுக்கு வெப்சைட் அமைத்துக் கொடுப்பது என் வேலை. எந்த ஹோஸ்டிங் (சைட்டின் ஃபைல்களை வைத்திருந்து இணையத்தில் காட்டும் சேவை) நல்லது என்று கேட்டு வருபவர்களிடம், டொமைன், அதாவது சைட்டின் முகவரிப் பெயர், யார் பெயரில் இருக்கப் போகிறது என்றுதான் முதலில் கேட்பேன்.

மரச்சாமான் தொழில் செய்யும் ஒரு அம்மா என்னிடம் வந்தபோது அவருடைய சைட் நின்றுபோயிருந்தது. முன்பு வடிவமைத்தவர் டொமைன், ஹோஸ்டிங் இரண்டையும் தன் கணக்கிலேயே வாங்கியிருந்தார். இப்போது போனை எடுப்பதில்லை. கணக்கு வைத்திருப்பவரிடம் மட்டுமே பேசுவோம் என்றது ஹோஸ்டிங் நிறுவனம். பக்கங்களைப் புதிதாகச் செய்துவிட்டோம், பெயரை மீட்க முடியவில்லை. பலகை, பில் புத்தகம், விசிட்டிங் கார்டு என எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. பல வருஷம் பழகிய வாடிக்கையாளர்கள் பழைய முகவரிக்குப் போய், கடையை மூடிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டதுதான் அவருக்குப் பெரிய வருத்தம்.

அதனால் டொமைனை ஓரிடத்திலும் ஹோஸ்டிங்கை வேறிடத்திலும், இரண்டையும் தொழில் நடத்துபவர் பெயரிலேயே எடுங்கள். ஹோஸ்டிங் சரியில்லை என்றால் நேம்சர்வரை (டொமைனை ஹோஸ்டிங்கோடு இணைக்கும் அமைப்பு) மாற்றிவிட்டுக் கிளம்பிவிடலாம். டொமைன் கணக்குக்குக் கொடுக்கும் மெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது. புதுப்பிக்கத் தவறினால் அந்த மெயிலும் சேர்ந்து நின்றுவிடும், பாஸ்வேர்டு மாற்றும் லிங்க்கூட வந்து சேராது.

* * *

இதோடு பேக்கப்பையும் விசாரியுங்கள். தினசரி பேக்கப் உண்டு என்று விளம்பரம் செய்த இடத்தில்தான் எங்கள் ஆன்லைன் கடை இருந்தது. அப்டேட் ஒன்று பாதியில் நின்று டேட்டாபேஸ் கெட்டது. சப்போர்ட்டில் கேட்டால், கடைசி ஒரு பிரதியை மட்டுமே வைத்திருப்பார்களாம். அதுவும் கெட்ட பிறகு எடுத்தது! கணக்கு பார்ப்பவர் ஆர்டர் பட்டியலைத் தனியாக இறக்கி வைத்திருந்ததால் பிழைத்தோம்.

2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்து ஒரு கட்டடமே அழிந்தது. பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்த சிலர் இரண்டையும் இழந்தார்கள். எத்தனை நாள் பிரதி இருக்கும், எந்த இடத்தில் இருக்கும், மீட்டுத் தரத் தனிக் கட்டணமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணத்தைத் திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் ஒருமுறை நீங்களே மீட்டும் பாருங்கள். பெரும்பாலோர் இதைச் செய்வதே இல்லை.

* * *

99.9 சதவீத அப்டைம் (சைட் இயங்கும் நேரம்) என்றால் மாதத்துக்குச் சுமார் 43 நிமிடம் சைட் நிற்கலாம் என்று அர்த்தம். அதற்கு மேல் நின்றாலும் பெரும்பாலும் கட்டணத்தில்தான் கொஞ்சம் கழிப்பார்கள், இழந்த வியாபாரத்துக்கு ஈடு கிடையாது.

எங்களுக்கு அதைவிட மெயில்தான் தலைவலியாக இருந்தது. பல சைட்டுகள் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் அதே ஐபி முகவரியிலிருந்து வேறு யாரோ ஸ்பேம் அனுப்ப, நாங்கள் அனுப்பிய கொட்டேஷன்கள் எல்லாம் ஸ்பேம் ஃபோல்டருக்குப் போயின. பதில் வராததை வைத்து வாடிக்கையாளருக்கு விருப்பமில்லை என்று நினைத்து எத்தனை பேரை விட்டோமோ! மெயிலைத் தனிச் சேவைக்கு மாற்றி, மெயில் உண்மையிலேயே நம் டொமைனிலிருந்து வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளைச் சேர்த்த பிறகுதான் சரியானது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்புகிற எல்லோருக்கும் இவற்றில் ஒன்றாவது கட்டாயம். இவை போன்ற டிஎன்எஸ் பதிவுகளை (டொமைனின் சைட், மெயில் எங்கே என்று சொல்லும் குறிப்புகள்) நாமே மாற்ற விடாத ஹோஸ்டிங் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

* * *

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் காலத்துக்குச் சலுகை விலை, புதுப்பிக்கும்போது அதைப்போல இரண்டு மூன்று மடங்கு என்பது இந்தத் துறையில் சாதாரணம். புதுப்பிக்கும் விலையைத் தேடிப் பார்த்து அதைக் கொண்டே ஒப்பிடுங்கள். ‘அன்லிமிடெட்’ என்று போட்டிருந்தால் ஐநோட் வரம்பை (எத்தனை ஃபைல்கள் வைக்கலாம் என்ற உச்சவரம்பு) கேளுங்கள். இடம் மிச்சமிருந்தாலும் ஃபைல்களின் எண்ணிக்கை அந்த வரம்பைத் தொட்டதும் புதுப் படம் ஏறாது, மெயில்பெட்டியில் கிடக்கும் கடிதங்களும் அந்தக் கணக்கில் சேரும். சைட்டோடு நடக்கும் தொடர்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனிக் காசு கேட்டால் யோசியுங்கள், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது.

அப்புறம், எப்போதாவது இடம் மாற நேர்ந்தால் முந்தின நாளே டிடிஎல்லை (டிஎன்எஸ் பதிவை மற்ற சர்வர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற அளவு) 300 வினாடிக்குக் குறைத்துவிடுங்கள். மாறிய பிறகும் பழைய ஹோஸ்டிங்கை ஒரு வாரமாவது வைத்திருங்கள்.