அபார்ட்மெண்ட் குரூப்: ரசீது மாறி வருது

[மாலை 6:48] பி-3 ஆன்ட்டி: தம்பி, நம்ம சைட்ல மெயின்டனன்ஸ் கட்டின லிஸ்ட்டுல என் பேர், தொகை, தேதி எல்லாம் சரியா இருக்கு. ரசீது பட்டனை அமுக்கினா வேற வீட்டு ரசீது வருது. அவங்க போன் நம்பர்கூடத் தெரியுது.

[6:50] செகரட்டரி சார்: ஏ-2 தம்பி, முதல்ல அந்த பட்டனை எடுத்துடுங்க.

[6:54] ஏ-2 தம்பி: எடுத்துட்டேன் சார். டேட்டாபேஸ்ல இருந்து லிஸ்ட்டை எடுக்கிற குவெரியில தப்பு தெரியல. அதே எஸ்கியூஎல்லை, டேட்டாபேஸை நேராப் பார்க்கிற பிஎச்பிமைஅட்மின்ல ஓட்டினா ஆன்ட்டி பேமெண்டுக்கு ஐடி 212 வருது. நம்ம சைட் ஓடுற லாராவெல்ல (பிஎச்பி ஃப்ரேம்வொர்க்) 7 வருது.

[6:55] சி-4 அண்ணா: ஃப்ளாட்ஸ் டேபிள்ல ஆன்ட்டி வீட்டு ஐடி என்ன?

[6:56] ஏ-2 தம்பி: 7!

[6:57] சி-4 அண்ணா: ரெண்டு டேபிளை ஜாயின் போட்டுச் சேர்த்து, எது எது வேணும்னு செலக்ட்ல சொல்லாம கெட் பண்ணியிருக்கியா?

[6:57] ஏ-2 தம்பி: ஆமாண்ணா. பேமெண்ட்ஸ், ஃப்ளாட்ஸோட லெஃப்ட் ஜாயின்.

[7:01] சி-4 அண்ணா: அதான். ரெண்டு டேபிள்லயும் ஐடின்னு ஒரு காலம் (column) இருக்கு. பிஎச்பிமைஅட்மின் ரெண்டையும் தனித்தனியா காட்டும், முதல்ல இருக்கிறது உன் கண்ணுல படும். பிஎச்பியில ஒரு ஆப்ஜெக்ட்ல ஒரே பேர்ல ரெண்டு வைக்க முடியாது. கடைசியா வர்றதுதான் நிக்கும். அதான் பேமெண்ட் ஐடி 212 போய் வீட்டு ஐடி 7 நிக்குது, 7-ம் நம்பர் பேமெண்டோட ரசீது திறக்குது. பதிவான நேரத்தை வைக்கிற கிரியேட்டட்_அட் காலத்துக்கும் இதே கதிதான். எரரே வராது, அதனால கண்டுபிடிக்கிறதும் கஷ்டம்.

[7:03] ஏ-2 தம்பி: எந்த வீடுன்னு இன்னும் சேர்க்காத பணம் இருந்தா பேஜே திறக்கலையே, அது?

[7:05] சி-4 அண்ணா: அதுவும் இதுவேதான்டா. லெஃப்ட் ஜாயின்ல ஜோடி கிடைக்கலேன்னா ஃப்ளாட்ஸ் காலம் எல்லாம் நல் (null), அதாவது காலி. அந்த நல் வந்து நிஜ ஐடி மேல உக்காந்துடும். ரசீது பேஜோட லிங்க்கை உருவாக்குற ரவுட்டுக்கு ஐடி இல்லேன்னா லாராவெல் அங்கேயே நின்னுடும்.

செலக்ட்டுல பேமெண்ட்ஸ் டாட் ஸ்டார் (பேமெண்ட்ஸோட எல்லாக் காலமும்) போடு. ஃப்ளாட்ஸ்ல வீட்டு நம்பரை மட்டும் வேற பேர் வெச்சு எடு. இல்லேன்னா மாடல்ல இந்த பேமெண்ட் இந்த வீட்டோடதுன்னு சொல்ற பிலாங்ஸ்டு எழுதி, வித் போட்டு வீட்டையும் சேர்த்து எடுத்துக்கோ, ஜாயினே வேண்டாம். டூஎஸ்கியூஎல் காட்டுற குவெரியைப் பார்த்ததோட விட்டுடாதே, ஃபர்ஸ்ட் போட்டு முதல் வரியை எடுத்து, உள்ளே இருக்கிறதைக் காட்டுற டிடி போட்டு கையில என்ன வருதுன்னு பாரு.

[7:09] செகரட்டரி சார்: ரசீது பேஜோட வெப் அட்ரஸ்ல நம்பரை மாத்திப் போட்டா அடுத்தவங்க ரசீது வருமா?

[7:10] ஏ-2 தம்பி: இப்போதைக்கு வரும் சார்.

[7:12] சி-4 அண்ணா: அப்போ பட்டனைத் திரும்பப் போடாதே. லாகின் பண்ணவங்க வீடும் பேமெண்ட்ல இருக்கிற ஃப்ளாட்_ஐடியும் ஒண்ணான்னு பார்க்கிற பாலிசி எழுது. ஒத்துவரலேன்னா 403, அதாவது அனுமதி இல்லைன்னு காட்டணும். செகரட்டரிக்கும் ட்ரெஷரருக்கும் மட்டும் விலக்கு.

[இரவு 9:20] ஏ-2 தம்பி: ரெண்டும் பண்ணியாச்சு. நம்பரை மாத்திப் போட்டும் பார்த்தேன், 403 வருது. ஆன்ட்டி, ஒரு தடவை பாருங்களேன்.

[9:24] பி-3 ஆன்ட்டி: என் ரசீதுதான் வருது. ஆனா அவங்க நம்பர் என் கண்ணுல பட்டது அவங்களுக்குத் தெரியணும் இல்லையா?

[9:26] செகரட்டரி சார்: கண்டிப்பா மேடம். யார் வீடுன்னு எனக்குத் தனியா அனுப்புங்க, நானே போய்ச் சொல்லிடறேன்.