விக்ராந்தின் 30 இடங்கள்: போர் விமானமா, ஹெலிகாப்டரா?

அலைவாய்:
நம் கடற்படைக்கு 26 ரஃபேல்-எம் போர் விமானம் வாங்க 2025 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டதிலிருந்து எல்லோரும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள்: விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தில் எத்தனை போர் விமானம் நிறுத்தலாம்? கப்பலில் மொத்தமே சுமார் 30 இடம். அதில் ஹெலிகாப்டருக்குப் போவதெல்லாம் வீண் என்று சிலர் எழுதுவதைப் படித்தால் மனசு கேட்கவில்லை. என் கட்சி இது: உயரத்திலிருந்து ரேடாரில் பார்க்கும் காமோவ்-31, நீர்மூழ்கியைத் தேடி அடிக்கும் எம்எச்-60ஆர், இந்த இரண்டு வகை ஹெலிகாப்டருக்கும் வேண்டியதை முதலில் ஒதுக்குங்கள். மீதியில்தான் போர் விமானம்.

ஆலா:
ஒப்புக்கொள்ள மாட்டேன் நண்பரே. 12 மிக்-29கே போர் விமானம் இருக்கிறது என்று வையுங்கள். கப்பலைக் காக்க இரண்டு எப்போதும் மேலே சுற்ற வேண்டும். அவை இறங்குமுன் அடுத்த இரண்டு ஏற வேண்டும். இன்னும் இரண்டு தளத்தில் தயாராக நிற்க வேண்டும். குறைந்தது மூன்று நான்கு, தளத்துக்குக் கீழே உள்ள ஹேங்கர் கொட்டகையில் பழுதுபார்ப்பில் கிடக்கும். அப்புறம் எதிரியைத் தாக்க எதை அனுப்புவது? அதோடு இது விமானத்தை உந்தித் தள்ளும் கேட்டபுல்ட் இல்லாத கப்பல். ஸ்கீ ஜம்ப் என்ற மேல்நோக்கி வளைந்த ஓடுதள முனையிலிருந்து எரிபொருளையும் ஆயுதத்தையும் முழுக்க நிரப்பிக்கொண்டு கிளம்ப முடியாது, ஒன்றைக் குறைத்தாக வேண்டும். அதனால் எண்ணிக்கைதான் நமக்குப் பலம். நீர்மூழ்கி தேட அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தில் பி-8ஐ ரோந்து விமானம் இருக்கிறது.

அலைவாய்:
மேலே சுற்றும் அந்த இரண்டுக்கும் எந்தத் திசையில் போக வேண்டும் என்று யார் சொல்வது? 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் ஹெர்மிஸ், இன்வின்சிபிள் இரண்டு விமானந்தாங்கிக் கப்பலிலும் சேர்த்து ஆரம்பத்தில் 20 சீ ஹாரியர் போர் விமானம். நல்ல விமானம், தேர்ந்த விமானிகள். ஆனால் உயரத்திலிருந்து பார்க்கும் ரேடார் விமானம் ஒன்றுகூட இல்லை. மே 4 அன்று அர்ஜென்டினாவின் இரண்டு சூப்பர் எட்டெண்டார்ட் போர் விமானங்கள் கடலை ஒட்டித் தாழப் பறந்து வந்து எக்ஸோசெட் ஏவுகணைகளை ஏவின. பிரிட்டனின் ஷெஃபீல்ட் போர்க்கப்பலில் 20 பேர் செத்தார்கள். அதன் பிறகுதான் பிரிட்டன் அவசர அவசரமாக சீ கிங் ஹெலிகாப்டரில் ரேடாரைப் பொருத்தியது. அந்த ஹெர்மிஸ்தான் 1987இல் நம் கடற்படையின் விராட் கப்பல் ஆனது.

நெய்தல் மணி:
காமோவ்-31 பற்றி ஒன்று சேர்க்கிறேன். அதன் ரேடார் வயிற்றுக்கடியில் பலகைபோல் மடங்கியிருக்கும். மேலே போனதும் சக்கரங்களை இழுத்துக்கொண்டு, ஆறு மீட்டர் நீளப் பலகையைக் கீழே தொங்கவிட்டுச் சுற்றும். கப்பலின் கோபுரத்து ரேடாருக்குத் தாழப் பறந்து வருவது இருபது முப்பது கிலோமீட்டரில்தான் தெரியும். இதற்கு நூறைத் தாண்டித் தெரியும். ஆனால் இரண்டரை மணி நேரம் போல்தான் காவல் நிற்கும். இரவு பகலாக ஒன்று மேலே இருக்க வேண்டுமென்றால் நாளுக்குப் பத்து முறை ஏற்ற வேண்டும். ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு அது நடக்காது, ஆலா அண்ணா.

ஆலா:
சரி, காமோவ் விஷயத்தில் இறங்கி வருகிறேன். நான்கு இடம் கொடுக்கலாம். அமெரிக்க விமானந்தாங்கிகளிலேயே இதே வேலை பார்க்கும் ஹாக்ஐ ரேடார் விமானம் நான்கைந்துதான் நிற்கிறது. ஆனால் அவர்களிடம் 40க்கு மேல் போர் விமானம் இருக்கிறது, நம்மிடம் இல்லை. எம்எச்-60ஆர் எதற்கு இத்தனை? துணைக்கு வரும் போர்க்கப்பல்களின் தளத்திலிருந்தே கிளம்பட்டுமே.

அலைவாய்:
துணைக்கப்பலில் ஒன்று அல்லது இரண்டுதான் நிற்கும். நீர்மூழ்கி வேட்டை ஒற்றை ஹெலிகாப்டரின் வேலை இல்லை. ஒன்று அலைக்கு மேல் அசையாமல் நின்று, கிணற்றில் வாளி விடுவதுபோல், நீருக்குள் ஒலியால் தேடும் சோனார் கருவியை இறக்கிக் கேட்கும். மற்றது டார்பிடோவோடு காத்திருக்கும். கேட்டு முடித்ததும் சோனாரைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடம். கப்பல் போகும் வழி நெடுக இது ஓயாமல் நடக்க வேண்டும். பி-8ஐ அருமையான விமானம், மறுக்கவில்லை. ஆனால் கப்பல் அரபிக்கடலின் கோடியில் இருக்கும்போது அரக்கோணத்திலிருந்து வந்து சேரவே மணிக்கணக்காகும். 1971 போரில் பழைய விக்ராந்தில் சீ ஹாக் போர் விமானங்களோடு அலீஸே விமானங்களையும் ஏற்றிப் போனார்கள். நீர்மூழ்கி தேடுவதுதான் அலீஸேயின் முதல் வேலை.

ஆலா:
அதே அலீஸே கிழக்கு வங்கத் துறைமுகங்களையும் போய்த் தாக்கியது, அதையும் சொல்லுங்கள். எம்எச்-60ஆர் இரண்டுக்குச் சரி. மூன்றாவது ஏறினால் ஒரு ரஃபேல் கரையில் நிற்கும், அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

அலைவாய்:
இரண்டில் ஒன்று பழுதானால்?