மூடின கடைக்குள் ஏன் இன்னொரு கடை வருவதில்லை?

ஸ்காபரோ பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, வீட்டில் அதை விசர் என்கிறார்கள். சனி ஞாயிறுகளில் பஸ் பிடித்துப் போய், ரொறன்ரோவைச் சுற்றியுள்ள மோல்களிலும் பிளாசாக்களிலும் மூடிக் கிடக்கிற கடைகளைப் படம் எடுப்பேன். பெயர்ப்பலகையைக் கழற்றினாலும் சுவரில் எழுத்தின் தடம் இருக்கும். கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தால் தரையில் கம்பளம் உரித்த பசைக் கோடுகளும், காசாளர் மேசை நின்ற இடத்தில் ஆணி ஓட்டைகளும் தெரியும். எந்தக் கடை எப்போது இருந்தது என்று அதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

என் கேள்வி இதுதான். கனடாவின் பழைய பெரிய பல்பொருள் கடையான ஹட்சன்ஸ் பேயின் கிளைகள் எல்லாம் 2025 ஜூன் 1ஆம் தேதியோடு மூடின. அவ்வளவு பெரிய இடங்களை எடுக்க ஆள் இல்லையா? எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பிளாசாவிலும் ஒரு சூப்பர் மார்க்கெட் மூடிக் கிடக்கிறது. பக்கத்தில் ரோல்ஸ் கடை, முடிவெட்டும் கடை எல்லாம் நன்றாகத்தான் ஓடுகின்றன. அந்த ஒரு இடத்துக்கு மட்டும் யாரும் வரவில்லை. அம்மம்மா மரக்கறி வாங்க இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கிறது.

மார்க்கம்வாசி:
எல்லாம் ஒன்லைன்தான் தம்பி. சனம் கட்டிலில் படுத்துக்கொண்டு வாங்குது. இதிலே ஆராய என்ன இருக்கு?

ஊசிநூல்:
மார்க்கம் அண்ணை சொல்வது கடை ஏன் மூடுகிறது என்பதற்குப் பாதி விடை. தம்பி கேட்டது இடம் ஏன் வெறுமையாகக் கிடக்கிறது என்று. அதற்குக் காரணம் லீஸ் பேப்பரில், அதாவது கடை வாடகை ஒப்பந்தத்தில், இருக்கிறது.

நான் ஸ்காபரோவில் ஒரு மோலில் தையல் திருத்தக் கடை வைத்திருக்கிறேன். கால்சட்டை நீளம் குறைப்பது, ஸிப் மாற்றுவது, கோட்டு இறுக்குவது, இதுதான் தொழில். எந்த மோல் என்று எழுதமாட்டேன், இன்னும் அங்கேதான் வாடகை கட்டுகிறேன்.

மோலின் முனையில் இருக்கும் பெரிய கடையை அங்கர் என்பார்கள். 1973இல் ஸ்காபரோ டவுன் சென்டர் திறந்தபோது ஈட்டன்ஸும் சிம்ப்சன்ஸும் அப்படித்தான் நின்றன. ஆட்களை உள்ளே இழுப்பது அவர்கள்தான் என்பதால், சதுர அடிக்கு எங்களைவிட மிகக் குறைந்த வாடகையில் பல வருட லீஸ் கிடைக்கும். அந்தக் குறையைச் சின்னக் கடைகளிடம்தான் எடுப்பார்கள். எனக்கு வாடகை தவிர பொதுச் செலவும் உண்டு: நடையின் வெளிச்சம், ஹீட்டிங், காவலாளி, பனி வழிப்பது எல்லாவற்றிலும் ஒரு பங்கு. முனைக்கடை மூடி நடையில் ஆள் இல்லாமல் போனாலும் அந்த பில் குறையாது.

பெயர்பெற்ற செயின் கடைகள் கெட்டித்தனமாக எழுதி வைத்திருக்கும்: அங்கர் போனால் எங்கள் வாடகை குறைய வேண்டும், இத்தனை மாதத்தில் இன்னொன்று வராவிட்டால் நாங்களும் போகலாம் என்று. அதனால்தான் ஒன்று விழுந்தால் வரிசையாக நாலைந்து விழுகிறது. என்னைப் போன்ற ஆளுக்கு அந்த வசனத்தை யார் எழுதித் தருவார்?

மூடல் விற்பனையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மோலில் பெரிய கடை மூடியபோது எனக்கு வேலை தலைக்கு மேல். வாங்கினால் திருப்பிக் கொடுக்க முடியாது அல்லவா? மலிவு என்று அளவு பார்க்காமல் அள்ளிக்கொண்டு நேரே என்னிடம் வருவார்கள். 44 அளவு கோட்டைக் கொண்டுவந்து 38 ஆக்கித் தரச் சொன்ன ஒரு ஐயாவுக்கு, தோளைப் பிரித்தால் கூலி கோட்டின் விலையைத் தாண்டும் என்று விளங்கப்படுத்தவே அரை மணித்தியாலம் போனது. கடைசிக் கிழமை ராக்கை, கண்ணாடி, தலையில்லாத பொம்மை எல்லாம் விலைக்குப் போயின. நானும் ஒரு பொம்மை வாங்கினேன், பாவாடை மடிக்க நல்ல உதவி. அதற்கு அடுத்த மாதம் வாசலால் ஆளே வரவில்லை.

சரி, இப்போது தம்பியின் கேள்வி. அங்கர் இடத்தை அப்படியே எடுக்கக்கூடிய ஆட்கள் மிகக் குறைவு. அமெரிக்காவிலிருந்து வந்த டார்கெட் என்ற பெரிய கடையைப் பாருங்கள். 2011இல் ஸெல்லர்ஸ் என்ற கனேடிய மலிவு விலைக் கடையின் லீஸ்களை 182.5 கோடி டொலருக்கு வாங்கினார்கள். 2013இல் ஒரே வருடத்தில் 124 கடை திறந்தார்கள். கணினியில் பொருட்களின் அளவு விபரம் பிழையாக ஏறி, கிடங்கு நிரம்பிக் கிடக்க ராக்கை வெறுமையாக நின்றது. 2015 ஏப்ரலில் 133 கடையும் மூடியாயிற்று. அந்த இடங்களில் ஒரு பங்குதான் வோல்மார்ட், கனேடியன் டயர், லோஸ் என்று முழுசாகக் கைமாறியது. மற்றப் பல இடங்களைத் துண்டு போட்டுத்தான் கொடுத்தார்கள். துண்டு போடுவதென்றால் புது வாசல், புது மின் இணைப்பு, தீயணைப்புக் குழாய் எல்லாம் மாற வேண்டும்.

இடம் கேட்டு ஆள் வந்தாலும் மோல்காரருக்கு அந்த ஆளைப் பிடிக்க வேண்டும். ஹட்சன்ஸ் பேயின் 25 லீஸ்களை பிரிட்டிஷ் கொலம்பியாவில் மோல் வைத்திருக்கும் ரூபி லியு வாங்க முன்வந்தார். இடத்தின் சொந்தக்காரர்கள் எதிர்த்தார்கள். 2025 அக்டோபரில் ஒன்ராறியோ நீதிமன்றமும் அந்த விற்பனைக்கு அனுமதி மறுத்துவிட்டது.

நைட்ஷிஃப்ட்:
சூப்பர் மார்க்கெட் பற்றி நான் சொல்கிறேன், இரவில் ராக்கை அடுக்குகிற வேலை பல வருடம் செய்தவன். பெரிய கொம்பனி ஒரு பிளாசாவில் கடை போடும்போது, இங்கே வேறு உணவுக்கடைக்கு இடம் கொடுக்கக்கூடாது என்று லீஸில் எழுதுவிக்கும். தனக்குச் சொந்தமான நிலத்தை விற்கும்போதும் அப்படித் தடை போடலாம், அது காணியோடு சேர்ந்தே போகும். கடை மூடின பிறகும் தடை உயிரோடு இருக்கும். அந்த இடத்தில் ஜிம் வரலாம், டொலர் கடை வரலாம், மரக்கறிக்கடை வராது. கனடாவின் போட்டி ஆணையம் 2023 அறிக்கையிலேயே இதைக் குறைக்கச் சொன்னது. 2024இல் லொப்லோஸ், சோபீஸ் என்ற பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் இரண்டின் தாய்க் கொம்பனிகள் மீதும் இதற்காக விசாரணை தொடங்கியது. உங்கள் பிளாசாவிலும் அதுதானா என்று காணிப் பதிவைப் பார்த்தால்தான் தெரியும். லீஸுக்குள் இருப்பது அதிலும் தெரியாமல் போகலாம்.

மார்க்கம்வாசி:
அப்போ பசிபிக் மோல் எப்படி ஓடுது? அங்கே அங்கரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

ஊசிநூல்:
நல்ல கேள்வி அண்ணை. அங்கே சின்னச் சின்னக் கடைகளைத் தனித்தனியாக விற்றார்கள், கொண்டோ அடுக்குமாடி வீடுகளை விற்பது மாதிரி. கடைக்காரரே சொந்தக்காரர், இல்லாவிட்டால் ஒரு கடைச் சொந்தக்காரரிடம் வாடகைக்கு எடுத்தவர். ஒருவர் மூடினால் ஒரு கண்ணாடிப் பெட்டி வெறுமையாகும், அவ்வளவுதான்.

ஸ்காபரோ பெடியன்:
நன்றி அக்கா, நன்றி அண்ணை. இன்னொன்று. சில மோல்களில் வாடகைக்கு என்று அறிவித்தல்கூடப் போடாமல் கதவை அடைத்து வைத்திருக்கிறார்கள். அது ஏன்?

ஊசிநூல்:
இடிக்கிற யோசனை இருக்கும். கோபுரம் கட்ட நினைப்பவர் பத்து வருட லீஸ் கொடுத்துத் தன் கையைக் கட்டிக்கொள்வாரா? இருக்கிறவர்களையும் மாதத்துக்கு மாதம் என்று மாற்றுவார். என் லீஸிலேயே இடிப்புப் பந்தி ஒன்று இருக்கிறது, ஆறு மாத அறிவித்தல் தந்தால் நான் எழும்ப வேண்டும். அடுத்த முறை படம் எடுக்கப் போகும்போது வாகனத் தரிப்பிடத்தின் தெருப்பக்கம் பாரும், நகரசபையின் அபிவிருத்தி விண்ணப்பப் பலகை நட்டிருக்கலாம். முகவரியை நகரசபையின் இணையத்தளத்தில் போட்டால் வரைபடமும் கிடைக்கும். அதிலே கீழ்த்தளத்தில் எவ்வளவு இடம் கடைக்கு விட்டிருக்கிறார்கள் என்று பார்த்து இங்கே போடும், எனக்கும் தேவை.