ஏமன்: கைக்கு வரும் நோட்டிலேயே எல்லைக்கோடு

இழையைத் தொடங்கியவர்:
ஏமன் என்று பேச்செடுத்தாலே சவூதியா ஈரானா என்று கட்சி கட்டிவிடுகிறோம். அங்கே வேலை பார்த்தவர்கள், சரக்கு அனுப்புபவர்கள், செங்கடலில் கப்பல் ஓட்டுபவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நாடு இரண்டாகக் கிடப்பது அன்றாடத்தில் எங்கே எதிர்ப்படுகிறது என்று எழுதுங்கள். "நான் அங்கே இருந்தபோது" வகைச் சொந்தக் கதை வேண்டாம். அடுத்து போகிறவருக்கு உதவினால் போதும்.

கணக்குப்பிள்ளை:
முதலில் எதிர்ப்படுவது பணம்தான். 2016 செப்டம்பரில் அன்றைய அதிபர் ஹாதி மத்திய வங்கியைச் சனாவிலிருந்து ஏடனுக்கு மாற்றினார். சனா வங்கி மூடிக்கொள்ளவில்லை, ஈரான் ஆதரவோடு சனாவையும் வடக்கையும் பிடித்து வைத்திருக்கும் ஹூதிகள் கையில் அது பாட்டுக்கு ஓடியது. ஏடன் தரப்பு, அதாவது சவூதி ஆதரிக்கும் அரசு, ரஷ்யாவில் புது நோட்டு அச்சடித்து இறக்க, 2019 டிசம்பரில் ஹூதிகள் அதைத் தங்கள் பகுதியில் தடை செய்தார்கள். அன்று முதல் ஒரே பெயரில் இரண்டு ரியால். போருக்கு முன் டாலருக்கு 215. சனாவில் பல வருடமாக 530, 540 என்றே நிற்கிறது. ஏடனில் 2025 ஜூலையில் 2,800 வரை போய், ஆகஸ்டில் 1,600 பக்கம் இறங்கியது.

ஏடனிலிருந்து சனாவுக்கு ஒரு லட்சம் புது ரியால் அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். 1,600 ஆல் வகுத்தால் 62.5 டாலர். 535 ஆல் பெருக்கினால் 33,400 சொச்சம். அங்கே கைக்கு வருவது அவ்வளவுதான். பணமாற்றுக் கடைச் சீட்டில் மிச்சம் முழுவதும் அனுப்புக் கூலி போலத் தெரியும். புதிதாக வருபவர்கள் மூன்றில் இரண்டு பங்கைப் பிடுங்கிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போவதுண்டு. உண்மையான கூலி அதில் சொற்பம், மற்றதெல்லாம் விலை வித்தியாசம். அதனால் சம்பளமோ வாடகையோ பேசும்போது வெறுமனே "ரியால்" என்று எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். டாலரிலோ சவூதி ரியாலிலோ எழுதுங்கள். முடியாவிட்டால் எந்த ஊர் ரியால் என்றாவது எழுத்தில் வர வேண்டும்.

நோட்டை அடையாளம் காண்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2017க்குப் பிறகு வந்த புது ஆயிரம் ரியால் அளவில் சின்னது, கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிடலாம். 2021இல் ஏடன் வங்கி பழைய அளவிலேயே ஆயிரம் ரியாலை இறக்கியதும் அந்த வசதி போயிற்று. அதிலிருந்து சனா பக்கம் தொடர் எண்ணின் முதல் எழுத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். ஏடனில் வாங்கிய நோட்டுக் கட்டை அப்படியே வடக்கே எடுத்துப் போனால் சோதனைச் சாவடியில் பறிபோகும்.

லாரி ஆபீஸ்:
பாதையைச் சொல்கிறேன். தாயிஸ் நகரத்தின் கிழக்கே ஹவ்பான், தொழிற்சாலைகள் இருக்கும் பகுதி. நகர மையத்திலிருந்து 15 நிமிடம். நகரம் ஏடன் அரசு கையிலும் ஹவ்பான் ஹூதிகள் கையிலுமாகி நடுவில் சண்டைக்கோடு விழுந்ததும் மலைப்பாதையில் சுற்ற வேண்டியதாயிற்று. ஐந்து மணி முதல் எட்டு மணி நேரம், மழை பெய்தால் கணக்கே இல்லை. நகரத்துக்குள் நுழையும் மாவு, மருந்து, சிலிண்டர் எல்லாவற்றின் விலையிலும் இந்தச் சுற்று ஏறியது. 2024 ஜூனில்தான் நேர்வழியைத் திறந்தார்கள்.

இரண்டாவது, இரட்டைச் சுங்கம். ஏடன் துறைமுகத்தில் வரி கட்டி வெளியே வந்த கன்டெய்னர், ஹூதி பகுதிக்குள் நுழையும் ராஹிதா, அஃபார் போன்ற இடங்களில் மறுபடியும் வரி கட்ட வேண்டும். ஏடன் ரசீது அங்கே வெறும் காகிதம். சரக்கை இறக்கிப் பார்ப்பார்கள் என்று வைத்தே நாள் கணக்குப் போடுங்கள். கெட்டுப்போகும் பொருளை இந்த வழியில் அனுப்புவது சூதாட்டம். ஏடன் அரசு வேறு, 2023 ஜனவரியில் சுங்க டாலரை, அதாவது இறக்குமதி வரி கணக்கிட வைக்கும் டாலர் விலையை, 500 ரியாலிலிருந்து 750 ஆக்கியது. 2022 சண்டை நிறுத்தத்துக்குப் பிறகு ஹூதிகள் கையில் உள்ள ஹொடைடா துறைமுகமும் தாராளமாகத் திறந்திருந்தது. இரண்டு இடத்தில் வரி கட்ட எந்த வியாபாரிக்குப் பைத்தியம்? ஹொடைடாவுக்குச் சரக்கு நகர்ந்தது, ஏடன் கஜானா இன்னும் வறண்டது.

கடலோடி:
லாரி ஆபீஸ் அண்ணன் சொன்ன ஹொடைடாவுக்கும் நினைத்தபடி போய்விட முடியாது. 2016 முதல் ஐ.நா.வின் சோதனை அமைப்பு ஜிபூட்டியில் இருக்கிறது. அங்கே ஆவணம் கொடுத்து அனுமதி வாங்கிய பிறகே துறைமுகம் நோக்கித் திரும்ப வேண்டும். கரையில் கிரேன் இருக்கும் என்று நம்பிப் போவதும் தவறு. 2015 ஆகஸ்டில் சவூதிக் கூட்டணி குண்டு போட்டுப் பெரிய கிரேன்களைச் சாய்த்தது. 2018 ஜனவரியில் உலக உணவுத் திட்டம் நான்கு நகரும் கிரேன்கள் கொண்டுவந்தது, ஒவ்வொன்றும் 60 டன் தூக்கும். 2024 ஜூலையிலிருந்து இஸ்ரேலின் முறை, எண்ணெய்த் தொட்டிகளும் துறைமுகமும் அடி வாங்கின. சொந்த கிரேன் உள்ள கப்பலைப் பிடிப்பதே உத்தமம்.

செங்கடலின் தெற்கு வாயிலான பாப் அல் மண்டெப் வழியாகச் சும்மா கடந்துபோகிறவர்களுக்கு: ஹூதிகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கிய 2023 நவம்பரிலிருந்து கப்பல்கள், தாங்கள் இருக்குமிடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியில் போகுமிடம் எழுத வேண்டிய கட்டத்தில் "மாலுமிகள் எல்லாம் சீனர்", "இஸ்ரேலோடு தொடர்பில்லை" என்றெல்லாம் எழுதிக்கொண்டு போயின. அதை நம்பி இருக்காதீர்கள். கப்பலின் உரிமையாளருக்கு வேறொரு கப்பல் இருந்து அது இஸ்ரேல் துறைமுகம் போயிருந்தாலே குறி வைத்தார்கள். பழைய உரிமையாளரின் பெயர் பதிவேட்டில் திருத்தாமல் கிடந்தாலும் ஆபத்துதான். கிளம்பும் முன் அதைச் சரிபார்க்க வேண்டும்.

இன்னொன்று, சோமாலியக் கொள்ளையருக்காகப் பழகிய ஒளிவிடம் பெரும்பாலும் இயந்திர அறையில் இருக்கும். ஏவுகணைக்கும் வெடிபடகுக்கும் அது ஆகாது. அடி நீர்மட்டத்தில் விழுந்தால் தண்ணீர் முதலில் புகுவது அங்கேதான். இதற்குக் கூடுமிடம் தனி, நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியாக ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

பார்வையாளர்:
சவூதியும் ஈரானும் 2023 மார்ச்சில் பெய்ஜிங்கில் கை குலுக்கிவிட்டார்களே. பிறகும் ஏன் இழுக்கிறது?

கணக்குப்பிள்ளை:
கை குலுக்கியதில் எல்லை தாண்டிய ஏவுகணை ஓய்ந்தது, உண்மை. சம்பளம் யார் கொடுப்பது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. 2022 அக்டோபரில் சண்டை நிறுத்தத்தை நீட்டிக்கும் பேச்சு முறிந்ததே அதில்தான். ஹூதி பகுதியில் உள்ள அரசு ஊழியர், படையினர் சம்பளத்தை எண்ணெய் வருமானத்திலிருந்து கொடு என்றார்கள் ஹூதிகள். கிடைக்கவில்லை. அந்த மாதமே கிழக்கே ஹத்ரமவுத் மாகாணத்தின் தப்பா எண்ணெய் முனையத்தின் மீது ட்ரோன் விழுந்தது. கச்சா எண்ணெய் ஏற்றுமதி நின்றது, ஏடன் அரசின் முக்கிய டாலர் வரவு போயிற்று. நான் மேலே சொன்ன 2,800இன் வேர் அங்கே இருக்கிறது.

2024இல் ஏடன் மத்திய வங்கி திருப்பி அடிக்கப் பார்த்தது. தலைமையகத்தை ஏடனுக்கு மாற்றாத ஆறு வங்கிகளின் உரிமத்தை ஜூலையில் ரத்து செய்தது. வங்கிக் கோணத்தில் பலமான அடி. ஹூதித் தலைவர் சவூதியையே மிரட்டினார். ஜூலை 23 அன்று ஐ.நா. தூதர் அறிவிப்போடு ரத்து வாபஸ். ஏடனின் வங்கிக் கொள்கையை முடிவு செய்தது ஏடன் இல்லை.

லாரி ஆபீஸ்:
ஈரானை மட்டும் பார்த்தால் தெற்கு புரியாது. ஒரே கூட்டணியில் இருந்துகொண்டே சவூதியும் எமிரேட்ஸும் வேறு வேறு ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தன. 2019 ஆகஸ்டில் எமிரேட்ஸ் ஆதரித்த, தெற்கைத் தனிநாடாகக் கேட்ட தெற்கு இடைக்காலக் கவுன்சில், சவூதி ஆதரித்த அரசையே ஏடனிலிருந்து விரட்டியது. நவம்பரில் ரியாத்தில் ஒப்பந்தம். 2025 டிசம்பரில் கவுன்சில் படை ஹத்ரமவுத்துக்குள் போனதும் ரியாத் பொறுக்கவில்லை, 30ஆம் தேதி அங்குள்ள முகல்லா துறைமுகத்தில் சவூதி விமானம் குண்டு போட்டது. ஹத்ரமவுத் சவூதி எல்லையை ஒட்டியது, எண்ணெயும் அங்கேதான். ஏடனில் ஒரு சாவடியில் வாங்கிய அனுமதிச் சீட்டு அடுத்த சாவடியில் செல்லாமல் போனது ஏன் என்று கேட்பவர்கள், இரண்டு சாவடிக்கும் சம்பளம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கட்டும்.

கணக்குப்பிள்ளை:
கூட்டாட்சி என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கும் ஒரு வரி. 2014 பிப்ரவரியில் ஆறு மாகாணத் திட்டம் போட்டார்கள். சனா, சாதா, அம்ரான், தமார் சேர்ந்த அஸால் மாகாணத்துக்குக் கடலும் இல்லை, எண்ணெய் வயலும் இல்லை. ஹூதிகள் ஏற்கவில்லை, செப்டம்பரில் சனா அவர்கள் கையில். இனி யார் வரைபடம் கொண்டுவந்தாலும் துறைமுகம் யாருக்கு, எண்ணெய்ப் பணம் எந்த வங்கிக்கு, எந்த நோட்டு செல்லும் என்ற மூன்றையும் முதல் பக்கத்தில் தேடுங்கள். இல்லையென்றால் மடித்து வைத்துவிடலாம்.

பார்வையாளர்:
சனா பக்கம் பழைய நோட்டெல்லாம் கந்தலாகி இருக்குமே?

கணக்குப்பிள்ளை:
டேப் ஒட்டி, எண் அழிந்து, துணி மாதிரி ஆகிவிட்டது. மாற்றாக 2024 மார்ச்சில் 100 ரியால் நாணயமும், 2025 ஜூலையில் 50 ரியால் நாணயமும் 200 ரியால் நோட்டும் வெளியிட்டார்கள். ஏடன் வங்கி அதைக் கள்ளப்பணம் என்கிறது. கந்தலான பழைய நோட்டை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஏடனில் அதற்குப் புது நோட்டைவிடக் கூடுதல் விலை.